ரசாயனப் பேரழிவின் நீண்டகாலப் பாதிப்பும் கலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஷவாயு, பாதரசம், டையாக்சின், பூச்சிக்கொல்லி என்று ஏதோ ஒன்று ஓர் ஊரைப் பாழாக்குகிறது. அதைப் பற்றி ஓவியமோ நாடகமோ பாட்டோ கண்காட்சியோ செய்ய நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம். சில பதில்கள் நீளம், சில ஒரே வரி. கேள்விகளும் அப்படித்தான் வருகின்றன.

நீதிமன்றம் இருக்கிறது, ஆய்வறிக்கை இருக்கிறது, செய்தித்தாள் இருக்கிறது. இதில் கலைக்கு என்ன வேலை?

இந்த மூன்றுக்கும் ஒரு சம்பவம் வேண்டும். தேதி, இடம், எண்ணிக்கை மூன்றும் வேண்டும். விபத்து நடந்த இரவில் எல்லாமே கிடைத்துவிடுகிறது. அடுத்து வரும் முப்பது நாற்பது வருடங்களில் அப்படி எதுவும் கிடைப்பதில்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவதால் வேலையை விட்டவர், பார்வை மங்கிப்போய் ஊசியில் நூல் கோக்க முடியாத தையல்காரர், மகளுக்கு வரன் பார்க்கும்போது 'அந்தப் பேட்டையா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய தாய் எல்லாம் செய்தி ஆக மாட்டார்கள். தினமும் நடப்பதைச் செய்தியாகப் போடுவதில்லை.

கலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும் ஒரு செவ்வாய்க்கிழமையைக்கூட அது எடுத்துக்கொள்ளலாம். ரசாயனப் பாதிப்பைப் பேசும் கலைக்கு முதல் வேலை அழ வைப்பதாக இருக்க வேண்டியதில்லை. எவ்வளவு காலமாக இது நடக்கிறது என்பதை உணர வைத்தாலே போதும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே இருக்கும்.

'நீண்டகாலப் பாதிப்பு' என்பதைச் சரியாக எப்படிப் புரிந்துகொள்வது?

வேலையைத் தொடங்கும் முன் இதில் தெளிவு வேண்டும். இல்லாவிட்டால் படைப்பே தப்பான விஷயத்தைச் சொல்லிவிடும்.

போபாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 டிசம்பர் 2 நள்ளிரவைத் தாண்டி, யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் 610ஆம் தொட்டியில் தண்ணீர் புகுந்து, சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு வெளியேறியது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைச் சுவாசித்தார்கள். நுரையீரல் தழும்பு, கண் பாதிப்பு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஆனால் அதே ஊரில் இரண்டாவது பேரழிவு ஒன்றும் இருக்கிறது. ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே வளாகத்திலும் வெளியே இருந்த ஆவியாக்கும் குளங்களிலும் கொட்டிய கழிவு மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலந்தது. அந்த இரவில் போபாலிலேயே இல்லாதவர்கள், பிறகு குடிவந்தவர்கள்கூடக் கைப்பம்புத் தண்ணீரால் பாதிக்கப்பட்டார்கள். அந்தப் பகுதிக்கு நல்ல தண்ணீர் கொடுக்கச் சொல்லி 2004இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டி வந்தது. வளாகத்தில் மூட்டை கட்டி வைத்திருந்த 337 டன் கழிவு 2025 ஜனவரியில்தான் பீதம்பூரில் உள்ள எரிப்பு ஆலைக்குப் போனது, அந்த ஆண்டு ஜூன் இறுதிக்குள் எரிக்கப்பட்டது. மண்ணில் ஊறிப்போனது அந்த 337 டன்னில் சேராது.

'வாயு வந்தது, மக்கள் செத்தார்கள்' என்று மட்டும் வரைந்தால் பாதிக் கதை போய்விடும். தண்ணீரை யாரும் வரைவதில்லை.

வேறு ரசாயனங்களின் கதை வேறு. டையாக்சின் மனித உடலில் பாதியாகக் குறையவே ஏழு முதல் பதினொரு ஆண்டுகள் ஆகும். மெத்தில் பாதரசம் சில மாதங்களில் உடலை விட்டு வெளியேறினாலும், அது நரம்பில் செய்த சேதம் சரியாகாது, கருவில் இருக்கும் குழந்தையையும் விடாது. எந்தப் பொருள், எந்த உறுப்பு, எத்தனை காலம் என்ற மூன்றையும் ஒரு மருத்துவரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பிறகு தூரிகையை எடுப்பது நல்லது.

ஒரு வலுவான புகைப்படம் போதாதா? போபால் என்றாலே அந்தக் குழந்தையின் முகம்தானே ஞாபகம் வருகிறது?

மண்ணுக்குள் பாதி புதைந்த, கண் திறந்திருக்கும் அந்தக் குழந்தையை ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும், பாப்லோ பர்த்தலோமியோ வண்ணத்திலும் எடுத்தார்கள். வண்ணப் படத்துக்கு அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது கிடைத்தது. உலகம் போபாலை மறக்காமல் இருப்பதற்கு அந்தப் படங்கள் பெரிய காரணம். மறுப்பதற்கு இல்லை.

அதே படங்கள் இன்னொன்றும் செய்தன. போபாலை அந்த ஒரு வாரத்தோடு ஆணி அடித்து நிறுத்திவிட்டன. 'ஐயோ, எவ்வளவு கொடுமை நடந்தது!' என்று கடந்த காலத்தில் பேச வைக்கின்றன. ரகு ராயே பல வருடம் கழித்துத் திரும்பப் போய், உயிரோடு இருப்பவர்களின் வாழ்க்கையைத் தொடராக எடுத்தார். அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், கற்றுக்கொள்ள வேண்டியது அதில்தான் அதிகம்.

கலையால் உண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா? ஒரே ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

யூனிலீவர் குழுமத்தின் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, 2001இல் அந்த ஆலை மூடப்பட்டது. அதற்குப் பிறகு முன்னாள் தொழிலாளர்கள் பதினைந்து ஆண்டுகள் மனு, ஆர்ப்பாட்டம், வழக்கு என்று அலைந்தார்கள். 2015 ஜூலை கடைசியில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ஒரு ராப் பாட்டு இணையத்தில் வந்தது. பிரபலமான ஒரு பாட்டின் மெட்டில், நிறுவனத்தின் பெயரை நேரடியாகச் சொல்லி, சுத்தம் செய், இழப்பீடு கொடு என்று இரண்டே கோரிக்கைகள். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், நிறுவனத்தின் உலகத் தலைமையே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது.

பாட்டுதான் வென்றது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பதினைந்து வருடப் போராட்டம் இல்லாமல் அந்தப் பாட்டு வெறும் பாட்டாகவே போயிருக்கும். தொழிலாளர்களின் பட்டியல், மருத்துவ ஆவணம், மண் பரிசோதனை எல்லாம் தயாராக இருந்தன. பாட்டு, கதவைத் தட்டும் சத்தத்தைக் கூட்டியது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொழிலாளர் பிரச்சினை முடிந்த பிறகும் மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற தகராறு ஓயவில்லை. 2018இல் இரண்டாவது பாட்டு ஒன்று வெளியிட வேண்டி வந்தது.

பாதிக்கப்பட்டவர்களே கலைஞர்களாக இருந்தால்?

அதைவிடச் சிறந்தது இல்லை. அவர்கள் அதைக் கலை என்று சொல்லிக்கொள்ளாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

ஜப்பானின் மினமாதாவில் சிஸ்ஸோ நிறுவனம் 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீன் வழியாக அது உடலுக்குள் போய் உண்டாக்கிய நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே 1 அன்று. 1970 நவம்பரில் நோயாளிகளும் அவர்களின் குடும்பத்தினரும் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கிக்கொண்டு, ஒசாகாவில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்குப் போனார்கள். அவர்கள் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்த விதத்தைக் கவனியுங்கள். புனித யாத்திரை போகிறவர்கள் உடுத்தும் வெள்ளை உடை, கையில் மணி, செத்துப்போனவர்களின் பெயர் எழுதிய நினைவுப் பலகை. பௌத்த யாத்திரைப் பாடலைப் பாடிக்கொண்டே உள்ளே போனார்கள். சுற்றிலும் கோட்டு சூட்டு போட்ட பங்குதாரர்கள், மேடையில் நிறுவனத் தலைவர். அன்று ஒரு தீர்மானமும் மாறவில்லை. ஆனால் லாபக் கணக்கு மட்டும் பேசும் அறைக்குள் செத்தவர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். 1973 மார்ச்சில் குமாமோட்டோ நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. எந்த இயக்குநரும் இதைவிட நல்ல காட்சி அமைத்துவிட முடியாது என்று நினைக்கிறேன்.

பின்னாளில், பாதரசச் சேற்றின் மேல் மண் நிரப்பித் திடலாக்கிய அதே விரிகுடா ஓரத்தில், நோயாளிகளும் நண்பர்களும் சிறு சிறு கற்சிலைகளைச் செதுக்கி வைத்தார்கள். பேர் போன சிற்பிகள் யாரும் இல்லை. ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு விதம், எல்லாம் கடலைப் பார்த்தபடி.

போபாலிலும் இப்படித்தான், சிலை மட்டும் வெளியாள் செய்தது. ஆலைக்கு எதிரே இருக்கும் தாய்–சேய் சிலையை 1985இல் ரூத் வாட்டர்மன் என்ற டச்சுச் சிற்பி செய்தார். ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, மறு கையில் குழந்தையை அணைத்திருக்கும் பெண், பின்னால் சேலையைப் பிடித்தபடி இன்னொரு குழந்தை. 'ஹிரோஷிமா வேண்டாம், போபால் வேண்டாம், வாழ விரும்புகிறோம்' என்று அதில் பொறித்திருக்கிறது. அரசு நினைவுச் சின்னம் கட்டுவதற்காக மக்கள் காத்திருக்கவில்லை. ஆண்டுதோறும் டிசம்பரில் கார்பைடு தலைவர் வாரன் ஆண்டர்சனின் கொடும்பாவியையும் செய்து எரித்தார்கள். மூங்கிலும் துணியும் காகிதமும் கொண்டு அளவெடுத்துச் செய்து, வண்ணம் அடித்து, கோட்டும் டையும் போட்டுவிட்டுத்தான் தீ வைப்பார்கள். அந்தக் கைவேலையைக் கலை விமர்சகர்கள் பேசுவதில்லை.

'நாங்கள் போபால் பெண்கள், பூக்கள் இல்லை, தீப்பொறிகள்' என்ற முழக்கமும் அந்தப் பெண்கள் கட்டியதுதான். 2004இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்ற ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா இருவரும் விருதுப் பணத்தைப் போட்டுத் தொடங்கிய, குழந்தைகளுக்கான மறுவாழ்வு மையத்தின் பெயர் சிங்காரி. தீப்பொறி என்றுதான் பொருள்.

பாதிப்போடு பிறந்த குழந்தைகளின் படத்தைக் காட்டலாமா?

எங்களுக்கு வரும் கேள்விகளில் கடினமானது இதுதான்.

மினமாதாவில் யூஜீன் ஸ்மித்தும் அய்லீன் ஸ்மித்தும் 1971இலிருந்து மூன்று வருடம் குடியிருந்து படம் எடுத்தார்கள். அதில் ஒன்று உலகம் முழுவதும் போனது. பாதரசத்தால் கருவிலேயே பாதிக்கப்பட்ட மகளை, குளியல் தொட்டியில் ஏந்தியிருக்கும் தாயின் படம். பெற்றோர் சம்மதித்துத்தான் எடுத்தார்கள், இந்த நோய் உலகத்துக்குத் தெரியட்டும் என்று நினைத்துத்தான் சம்மதித்தார்கள். அந்தப் பெண் 1977இல் இறந்துபோனார். படம் மட்டும் புத்தகத்திலும் சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் சுற்றிக்கொண்டே இருந்தது. இருபது வருடம் கழித்துக் குடும்பத்தினர், 'போதும், அவளை ஓய்வெடுக்க விடுங்கள்' என்ற எண்ணத்துக்கு வந்தார்கள். 1998இல் அய்லீன் அந்தப் படம் பற்றி முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே கொடுத்தார். பல ஆண்டுகள் அது புதிதாக எங்கும் அச்சாகவில்லை.

சம்மதம் என்பது ஒரு முறை கையெழுத்து வாங்கி முடிக்கிற விஷயம் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. 'நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துவிடுவோம், யாரிடம் சொல்ல வேண்டும் என்பது இதோ' என்று முதலிலேயே சொல்லி, எழுதிக் கொடுங்கள். இணையத்தில் போட்ட படத்தை முழுசாக எடுக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டு அவர்கள் மறுத்தால், மறுத்ததாகவே இருக்கட்டும்.

அப்புறம் இன்னொரு பக்கம். ஊனத்தோடு வாழ்பவர்கள் இந்த வகைக் கண்காட்சிகள் மேல் வைக்கும் குற்றச்சாட்டு நியாயமானது: 'எங்கள் உடம்பையே பயங்கரத்தின் சின்னமாகக் காட்டுகிறீர்கள். பார்க்கிறவன் நிறுவனத்தைப் பார்த்துக் கோபப்படுவதில்லை, எங்களைப் பார்த்து மிரள்கிறான்.' வியட்நாமில் 1961 முதல் 1971 வரை அமெரிக்க ராணுவம் தெளித்த களைக்கொல்லிகளின் பாதிப்பைச் சொல்லும் எத்தனையோ படங்கள் இந்தக் குழியில் விழுந்திருக்கின்றன. முகத்தை மட்டும் நெருக்கமாகக் காட்டும் படத்துக்குப் பதில், அந்தப் பிள்ளை என்ன விளையாடுகிறது, யாரோடு சண்டை போடுகிறது, சிகிச்சைக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று காட்டும் படம் எவ்வளவோ மேல். பெயர் சொல்ல அவர்கள் விரும்பினால் பெயரோடு காட்டுங்கள்.

கண்ணுக்கே தெரியாத நச்சை எப்படி வரைவது? மண்டை ஓடும் முகமூடியும் போடலாமா?

அவை வேண்டாம். மண்டை ஓடு, வாயுமுகமூடி, பச்சைப் புகை, சொட்டும் ரத்தம் எல்லாம் பார்த்துப் பழகிப்போனவை. பார்த்த அடுத்த நொடி 'ஓ, மாசு பற்றிய படம்' என்று மனம் முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடும். பெரும்பாலான நச்சு நிறமில்லாதது, அழகான இடத்தில்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாமே.

இத்தாலியின் செவேசோவில் 1976 ஜூலை 10 அன்று ஓர் ஆலையிலிருந்து டையாக்சின் மேகம் கிளம்பியது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதியில் வீடுகளை இடித்து, மேல்மண்ணைச் சுரண்டி, இரண்டு பெரிய தொட்டிகளில் புதைத்து மூடினார்கள். அதன்மேல் இன்று ஓக் மரக் காடு. குருவி கத்துகிறது, ஆட்கள் நடைப்பயிற்சி போகிறார்கள். அந்தக் காட்டை அப்படியே வரைந்து, கீழே என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். நூறு மண்டை ஓடு செய்யாததை அது செய்யும்.

இன்னொரு வழி, பொருள். ஜப்பானில் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்து, காகிதத்தில் சுற்றி, சின்ன மரப்பெட்டியில் போட்டுப் பிறந்த தேதியோடு வைத்திருக்கும் வழக்கம் உண்டு. மினமாதா வீடுகளிலும் அலமாரியில் அப்படிப் பெட்டிகள் இருந்தன. ஆய்வாளர்கள் அந்தக் கொடிகளை வாங்கிப் பரிசோதித்தபோது, எந்த வருடம் பிறந்த குழந்தைக்கு எவ்வளவு மெத்தில் பாதரசம் போயிருக்கிறது என்பது தெரிந்தது. ஆலையின் உற்பத்தி ஏறிய வருடங்களில் கொடியிலும் அளவு ஏறியிருந்தது. தாய் ஆசையாக எடுத்து வைத்த ஞாபகப் பொருளே சாட்சியாகிவிட்டது. ஒரு மேசையில் தேதி எழுதிய பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே அந்த வருட உற்பத்தி அளவைப் போடுவதாகக் கற்பனை செய்யுங்கள். ஒரு வார்த்தை விளக்கம் வேண்டியிருக்காது.

உங்கள் ஊர்க் கதையிலும் இப்படி ஏதாவது ஒரு பொருள் இருக்கும். மருந்துச் சீட்டுக் கட்டு, ஆலை அடையாள அட்டை, பள்ளி வருகைப் பதிவேடு, வட்டிக்கடை ரசீது. ஒரே ஆளின் இருபது வருட மருந்துச் சீட்டுகளைச் சுவர் முழுக்க ஒட்டினால், பார்க்கிறவர் அதைக் கடந்து போக எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்பதே காலத்தைச் சொல்லிவிடும்.

மாசுபட்ட மண்ணையோ தண்ணீரையோ கொண்டுவந்து காட்சிக்கு வைக்கலாமா?

வேண்டாம். பார்வையாளருக்கும் ஆபத்து, எடுத்து வருகிற உங்களுக்கும் ஆபத்து. பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். பரிசோதனை அறிக்கையை வையுங்கள், வெறும் பாட்டிலை வையுங்கள். அமெரிக்காவின் ஒஹையோவில் ஜான் சப்ரா என்ற ஓவியர், சுரங்கக் கழிவுநீரால் சிவந்துபோன ஓடைகளிலிருந்து இரும்பு ஆக்சைடைப் பிரித்து வண்ணம் தயாரிக்கிறார். ஒரு பொறியாளரோடு சேர்ந்து, முறையாகச் சுத்திகரித்துத்தான் அதைச் செய்கிறார். ஆய்வகம் இல்லாமல் அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளாதீர்கள்.

எந்தக் கலை வடிவம் சிறந்தது?

அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே ரசிக்கும் வடிவம்.

கிண்டல், போலி அறிவிப்பு, குறும்பு… இதெல்லாம் எடுபடுமா?

நன்றாகவே எடுபடும். யாரைக் குறிவைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

2009இல், போபாலின் 25ஆம் ஆண்டில், நிறுவனப் பேச்சாளர்களாக நடித்துக் கேலி செய்யும் எஸ் மென் குழுவும் போபால் ஆதரவாளர்களும் ஆலைப் பக்கத்துக் கைப்பம்புத் தண்ணீரை அடைத்ததாக அழகான பாட்டில்களைத் தயாரித்தார்கள். பெயரும் லேபிளும் விலை உயர்ந்த பிரெஞ்சு மினரல் வாட்டர் மாதிரியே. யூனியன் கார்பைடை 2001இல் வாங்கிய டௌ நிறுவனத்தின் பிரிட்டன் அலுவலகத்துக்கு அதைக் கொண்டு போனார்கள். 'தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றால் ஒரு வாய் குடியுங்கள்' என்பதுதான் மொத்தச் செய்தியும். சிரிப்பு வரும், தொண்டையில் நிற்கும். அடி நிறுவனத்துக்கு மட்டும்தான் விழுந்தது.

அதே குழு 2004 டிசம்பர் 3 அன்று செய்ததில் எனக்கு இன்னும் மனம் முழுசாக ஒப்பவில்லை. குழுவில் ஒருவர் டௌ நிறுவனப் பேச்சாளராக நடித்து பிபிசி உலகத் தொலைக்காட்சியில் தோன்றி, முழுப் பொறுப்பையும் ஏற்கிறோம், 1,200 கோடி டாலர் தருகிறோம் என்று அறிவித்தார். இருபத்து மூன்று நிமிடத்தில் ஃபிராங்ஃபர்ட் சந்தையில் டௌ பங்கு 4 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. நியாயமாக நடந்துகொண்டால் சந்தை தண்டிக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் நிரூபித்ததில்லை. ஆனால் போபாலில் செய்தியைக் கேட்டுச் சந்தோஷத்தில் அழுதவர்களும் இருந்தார்கள், சில மணி நேரத்தில் அது பொய் என்று தெரிந்தது. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் பிறகு அந்தக் குழுவோடு சேர்ந்தே வேலை செய்தன என்பதும் உண்மை. என்றாலும், பொய் நம்பிக்கை கொடுக்கிற விளையாட்டை ஆடுவதற்கு முன் அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் வழக்கு வராதா?

வரலாம். பதிவில் இருப்பதை மட்டும் சொன்னால் கவலை குறைவு. சிஸ்ஸோவுக்கு எதிராக 1973இல் தீர்ப்பு இருக்கிறது. போபால் நீதிமன்றம் 2010 ஜூனில் ஆலையின் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டாண்டுச் சிறை விதித்தது, அன்றே ஜாமீனும் கிடைத்தது. இதையெல்லாம் அப்படியே எழுதலாம். வழக்கு நடந்துகொண்டிருந்தால் 'குற்றச்சாட்டு' என்றே எழுதுங்கள். வெளியிடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பயந்துபோய்ப் பெயரையே எடுத்துவிட்டு, 'மனிதனின் பேராசை' என்று பொதுவாகப் பேசும் படைப்புகளால் யாருக்கும் நட்டமில்லை. நிறுவனங்களே அவற்றை வாங்கி வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளும்.

பணம்? ஒரு ரசாயன நிறுவனம் ஆதரவு தர முன்வந்தால் வாங்கலாமா?

போபாலில் 2014 டிசம்பரில் திறந்த 'போபாலை நினைவுகொள்' அருங்காட்சியகம் பாதிக்கப்பட்டவர்கள் கொடுத்த பொருட்களாலும் பதிவுசெய்த அவர்களின் குரல்களாலும் ஆனது. அரசிடமும் நிறுவனங்களிடமும் பணம் வாங்குவதில்லை என்பது அதன் கொள்கை.

மறுபக்கம், லண்டனின் டேட் அருங்காட்சியகம் பல வருடம் பிபி எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவை வாங்கிவந்தது. மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவின் முதலாண்டு நினைவுநாளில், 2011 ஏப்ரலில், ஓர் எதிர்ப்புக் குழுவினர் அங்கேயே ஒருவரைத் தரையில் படுக்க வைத்து, மேலே எண்ணெய் போன்ற கரிய திரவத்தை ஊற்றினார்கள். நிகழ்த்துதல் 87 நிமிடம் நீடித்தது, கசிவு 87 நாள் என்பதால். பிபி ஆதரவு 2017இல் நின்றுபோனது. பணம் வாங்கும் இடமே உங்கள் படைப்பைப் பற்றி ஒரு வாசகம் சொல்லிவிடும். ஆகவே வாங்காதீர்கள்.

எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வோர் எண் இருக்கிறது. எதைப் போடுவது?

எண்ணோடு, யார் சொன்னது என்பதையும் போடுங்கள். போபாலில் உடனடி இறப்பு என்று முதலில் அரசு சொன்னது 2,259. பிறகு மாநில அரசு உறுதிசெய்தது 3,787. இழப்பீட்டுக் கணக்கில் இறப்பு 5,000ஐத் தாண்டியது. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சொல்வது இதைப் போலப் பல மடங்கு. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெரிதாக எழுதுவதற்குப் பதில், எல்லாவற்றையும் வருடத்தோடு அடுத்தடுத்து எழுதிவிடலாம். எண் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்று பார்ப்பவரே கேட்பார். சாவை எண்ணுவதற்குக்கூடப் போராட வேண்டியிருந்தது என்ற விஷயம் அந்தக் கேள்வியில் தானாக வந்துவிடும்.

இழப்பீட்டுக்கும் இதே முறை. 1989 ஒப்பந்தத் தொகை 47 கோடி டாலர். கேட்கப் பெரிய தொகை. பெரும்பாலானோர் கைக்கு முதலில் வந்தது 25,000 ரூபாய். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை: ஒரு வட்டாரத்தில் நோய் கூடியிருப்பதற்கு ஆதாரம் இருந்தாலும், 'இந்த ஆளுக்கு இந்த நோய் இந்த ரசாயனத்தால்தான்' என்று தனி நபர் அளவில் சொல்வது மருத்துவர்களுக்கே கடினம். மிகைப்படுத்திச் சொன்ன ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மீதி உண்மை எல்லாவற்றையும் தள்ளிவிட நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் காத்திருப்பார்கள்.

நான் அந்த ஊரைச் சேர்ந்தவர் இல்லை. செய்யலாமா?

செய்யலாம், அவசரம் கூடாது. ஸ்மித் தம்பதி மூன்று வருடம் அங்கேயே குடியிருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். யூஜீன் ஸ்மித் 1972இல் சிஸ்ஸோ ஆலையில் நடந்த தாக்குதலில் படுகாயம் அடைந்து, கண் பார்வையும் பாதிக்கப்பட்டார். அந்த அளவு விலை கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒரு வாரம் போய்ப் படம் எடுத்துவிட்டுப் பெருநகரக் காட்சிக்கூடத்தில் மட்டும் மாட்டினால், ஊர்க்காரர்கள் உங்களைச் சுற்றுலாப் பயணி என்றுதான் நினைப்பார்கள்.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கக் குடிநீரின் மூலத்தை மாற்றியதில், பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் கலந்தது. அங்கே சில வருடம் படம் எடுத்த லடோயா ரூபி ஃபிரேசியர், கண்காட்சி வருமானத்தைக் கொண்டு, காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் இயந்திரம் ஒன்று 2019இல் அந்த ஊருக்கு வர வழிசெய்தார். எல்லோராலும் முடியாதுதான். வருமானத்தில் ஒரு பங்கு, நேரம் கொடுத்தவர்களுக்குக் கூலி, முதல் காட்சி அந்த ஊரிலேயே என்பவை எல்லோராலும் முடியும்.

பள்ளிக் குழந்தைகளோடு இதைச் செய்யலாமா?

தாராளமாக. சாவுப் படங்கள் மட்டும் வேண்டாம். 'நம் தெருத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது' என்று ஒரு வரைபடம் வரையச் சொன்னாலே கேள்விகள் தானாக வரும்.

பேரழிவு நடந்த பிறகுதான் கலையா? நடக்கும் முன் எச்சரிக்க முடியாதா?

முடியும், ஆனால் கேட்க ஆள் வேண்டுமே. போபாலில் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982இலேயே, எரிமலை வாயில் உட்கார்ந்திருக்கிறது இந்த ஊர் என்று எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு அதே ஆலையில் ஃபாஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளி இறந்திருந்தார். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

கலை இங்கே இன்னும் எளிய உதவி செய்யலாம். அந்த இரவில் ஓடியவர்களில் பலர் காற்று வீசிய திசையிலேயே ஓடினார்கள். ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளலாம் என்ற சின்ன விஷயம்கூட அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஓர் ஆலையின் பக்கத்துத் தெருவில் அரை மணி நேர வீதி நாடகம் போடும்போது உள்ளே என்ன சேமித்து வைத்திருக்கிறார்கள், சைரன் அடித்தால் எந்தப் பக்கம் போக வேண்டும், மாவட்ட அவசரத் திட்டம் எங்கே கிடைக்கும் என்ற மூன்றையும் கதையோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். விருது கிடைக்காது. கிடைக்காவிட்டால் என்ன?

கண்காட்சி முடிந்த பிறகு என்ன செய்வது?

பலர் யோசிக்காத விஷயம். பேட்டி எடுத்த ஒலிப்பதிவுகளை உங்கள் கணினியில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். கொடுத்தவர்களின் குடும்பத்துக்கு ஒரு பிரதி, ஊர் அமைப்புக்கு ஒரு பிரதி கொடுங்கள். இரவல் வாங்கிய பொருட்களைப் பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுங்கள். பழைய மருந்துச் சீட்டு இழப்பீட்டு மனுவுக்குத் தேவைப்படும் மூல ஆவணமாக இருக்கலாம், ஆகவே காட்சிக்கு நகலை மட்டும் வைப்பது நல்லது. பார்வையாளர் கருத்தேட்டில் 'நானும் அந்த ஆலையில் வேலை பார்த்தேன்' என்று யாராவது எழுதியிருந்தால், அவர் சம்மதத்தோடு அந்தத் தகவலை வழக்கு நடத்துபவர்களிடம் அதே வாரம் சேர்த்துவிடுங்கள்.